பர்மிங்காமில் வாய் திறக்குமுன்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வந்து இறங்கியதும் வங்கிக் கணக்கு, வாடகை வீடு, டாக்டரிடம் பதிவு என்று எல்லாவற்றுக்கும் யாராவது வழி சொல்லிவிடுவார்கள். நாம் வாயைத் திறந்ததும் நம் உச்சரிப்பைக் கேட்டு எதிரில் இருப்பவரின் புருவம் லேசாகச் சுருங்குமே, அதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

சுருங்கட்டும். இந்த ஊர்க்காரர்களுக்கே அதே கதிதான். 'பிரம்மி' எனப்படும் பர்மிங்காம் பேச்சு என்றால் நாட்டின் மற்ற பக்கத்தவர்களுக்கு ஒரு இளக்காரம். சமூக உளவியலாளர் ஹோவர்ட் ஜைல்ஸ் 1970இல் வெளியிட்ட ஆய்வில் உச்சரிப்புகளின் மதிப்பு வரிசையில் அது அடிமட்டத்தில் இருந்தது. 2019இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 உச்சரிப்புகளைப் பற்றி மக்களிடம் கேட்டார்கள். ஐம்பது வருடத்தில் ஏணி பெரிதாக நகரவில்லை. உச்சியில் 'ஆர்.பி.' என்கிற மேட்டுக்குடி உச்சரிப்பு. கீழ்ப்படிகளில் பிரம்மியும் நம் இந்திய உச்சரிப்பும் பக்கத்துப் பக்கத்தில். எங்கள் அலுவலகத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர், லண்டன் வாடிக்கையாளர் போனில் வந்தால் குரலையே மாற்றிக்கொள்வார். எனக்கு அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

அதே ஆய்வில் ஒரு நல்ல சேதியும் உண்டு. சட்ட நிறுவனங்களில் ஆள் எடுக்கும் அனுபவசாலிகளுக்கு வேலை நேர்காணல் பதில்களைப் போட்டுக் காட்டியபோது, அவர்கள் பெரும்பாலும் பதிலின் தரத்தைத்தான் பார்த்தார்கள். ஆகவே நேர்காணலுக்கு முந்தின இரவு கண்ணாடி முன் நின்று 'வெள்ளைக்கார இங்கிலீஷ்' பழக வேண்டாம். போலி உச்சரிப்பு பாதியில் கழன்றுவிடும், பார்க்கிறவர்களுக்கும் சங்கடம்.

மாற்ற வேண்டியது வேறு. நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் வேகமாகக் கொட்டுகிறோம், இவர்கள் காது அழுத்தத்தைத் தேடுகிறது. நான் வந்த புதிதில் ஒரு கிளினிக்கில் போனில் 'தேர்ட்டீன்' என்றேன், அவர்கள் 'தேர்ட்டி' என்று எழுதிக்கொண்டார்கள். பதிமூன்றாம் தேதி போய் நின்றால் பெயரே இல்லை. இப்போது 'ஒன் த்ரீ' என்று பிரித்துச் சொல்கிறேன். பெயரில் 'வி' இருந்தால் 'வி ஃபார் விக்டர்' என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 'டபிள்யூ' ஆகிவிடும்.

அப்புறம், ஊர் வார்த்தைகள். 'யூ ஆல்ரைட்?' என்றால் உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை, வணக்கம்தான். 'ஐலண்ட்' என்றால் சாலை ரவுண்டானா. 'பாப்' என்று கடைக்காரம்மா கூப்பிட்டால் கண்ணு, ராசா மாதிரி. 'டீக்கு வா' என்று ஒருவர் அழைத்தபோது வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அங்கே மேசை நிறைய ராத்திரிச் சாப்பாடு காத்திருந்தது.

கேலி எல்லை மீறினால் தேதியையும் சொன்ன வார்த்தைகளையும் குறித்து வையுங்கள். 2010 சமத்துவச் சட்டத்தில் உச்சரிப்பு என்று தனியாக இல்லை, இனம் இருக்கிறது. ஒருவரின் உச்சரிப்பைக் குறித்துப் பேசுவது இனம் சார்ந்த தொந்தரவாகலாம் என்று வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024இல் சொல்லியிருக்கிறது. வேலையிடப் பிரச்சினைகளுக்கு வழி சொல்லும் 'ஏகாஸ்' அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி. நம் தமிழுக்குள்ளேயே இருக்கிற ஏணியை என்ன செய்வது? முதல் வாரம் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் கடையில் பீன்ஸ் கேட்டேன். தராசில் போட்டுவிட்டு 'காணுமோ தம்பி?' என்றார். என்னத்தைக் காணோம் என்று நான் தரையைத் தேடினேன். போதுமா என்று கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை பேர் அப்படிச் சிரித்துவிட்டுப் போனார்களோ. எங்களூரிலேயே 'மெட்ராஸ் பாஷை' என்றால் முகம் சுளித்துப் பழகியவன்தானே நான்.

பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தால் 'ஓம்' (ஆமாம்), 'கதைக்கிறது' (பேசுவது), 'பாண்' (ரொட்டி) என்கிற யாழ்ப்பாண வார்த்தைகள் எல்லாம் வீட்டுக்கு வரும். வரட்டும், திருத்தாதீர்கள். என் மகள் இப்போது தமிழை யாழ்ப்பாணமாகவும் ஆங்கிலத்தைப் பிரம்மியாகவும் பேசுகிறாள். கடை அக்காவிடம் 'காணும்' என்று பதில் சொல்வது அவள்தான். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.