ஒரு ஷாட்டுக்கு ஒரு குழி போதும்: பிராக்டிஸ் ஸ்விங்கும் டிவட்டும்

கோல்ஃப் ஆட ஆரம்பித்த முதல் வருடம் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பந்துக்குப் பக்கத்தில் நின்று மூன்று பிராக்டிஸ் ஸ்விங் (பந்தைத் தொடாமல் வீசிப் பார்க்கும் ஒத்திகை) எடுப்பேன், மூன்றிலும் கைப்பிடி மண்ணோடு புல் பறக்கும், நாலாவதாக நிஜமாகவே அடிக்கும்போது பந்தின் மண்டையில் பட்டு அது தரையோடு தரையாக உருண்டு போகும். ஒரு நாள் என்னோடு வந்த வயதான கேடி (தமிழில் எழுதினால் போலீஸ் லிஸ்ட்டில் இருப்பவர் மாதிரி இருக்கிறது, பை தூக்குகிறவரைத்தான் சொல்கிறேன்) பொறுமை போய், "சார், பந்து அங்க கெடக்கு, நீங்க ஏன் இங்க கொத்திட்டு இருக்கீங்க, நாத்து நடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். கூட ஆடிய மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கீழே பார்த்தால் மூன்று குழி.

புதிதாக வருகிறவர்களிடம் இதே பழக்கத்தைத் தினமும் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். டிவட் என்றால் அயர்னால் (இரும்புத் தலை வைத்த கிளப், அதாவது மட்டை) அடிக்கும்போது தேங்காய்ப் பத்தை மாதிரி பெயர்ந்து வருகிற புல். அது விட்டுப்போகிற பள்ளத்தையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். டிவட் எடுப்பது தப்பே இல்லை. நல்ல அயர்ன் ஷாட்டில் கிளப் கீழ்நோக்கி வரும்போதே பந்தைத் தொடும், தரையை அதற்கு அப்புறம்தான் தொடும், அதனால் பந்து இருந்த இடத்துக்கு முன்னால், இலக்குப் பக்கமாக, ஒரு பத்தை கிளம்பும். வெட்ஜில் (குறைந்த தூரத்துக்கான அயர்ன்) கொஞ்சம் ஆழமாக, நீளமான அயர்னில் லேசான சிராய்ப்பாக. டீ என்கிற சின்ன முளையில் தூக்கி வைத்து, நீண்ட தூரத்துக்கான கிளப்பான டிரைவரால் அடிக்கும்போது மண்ணே கிளம்பக் கூடாது. சிக்கல் என்னவென்றால் டிவட் நிஜ ஷாட்டின் மிச்சம், பிராக்டிஸ் ஸ்விங்கில் அதற்கு வேலையே இல்லை.

பிராக்டிஸ் ஸ்விங் எதற்கு? கிளப் தரையை எந்த இடத்தில் தொடுகிறது என்று தெரிந்துகொள்ள, அப்புறம் இந்த ஷாட்டுக்கு எவ்வளவு வேகம் என்று உடம்புக்குச் சொல்ல. இந்த இரண்டுக்கும் புல்லின் நுனியைத் தடவினால் போதும். சரியாகத் தடவினால் காலையில் வாசல் பெருக்குகிற சத்தம் வரும், சர் என்று. தொம் என்று கேட்டால் தோண்டுகிறீர்கள், சத்தமே இல்லை என்றால் காற்றில் வீசுகிறீர்கள். அந்த சர் உங்கள் முன் காலுக்கும் நடுவுக்கும் இடையில் கேட்க வேண்டும், அயர்ன் என்றால் பந்து வைக்கும் இடத்துக்குச் சற்று முன்னால்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பேன். பிறகு பந்திலிருந்து நன்றாக ஒரு அடி தள்ளி நின்று, அடிக்கப் போகும் அதே வேகத்தில் ஒரே ஒரு ஸ்விங். நிறைய பேர் பிராக்டிஸ் ஸ்விங்கை அழகாக, மெதுவாக, டிவியில் பார்த்த மாதிரி எடுத்துவிட்டு பந்துக்கு வந்ததும் விறகு வெட்டுகிறார்கள். அந்த ஒத்திகைக்கும் நாடகத்துக்கும் சம்பந்தமே இல்லை. சர் சத்தம் கேட்டதும் பந்துக்கு வந்து, இலக்கை ஒரு முறை பார்த்து, அடித்துவிடுவேன். சத்தம் சரியாக வரவில்லை என்றால் இன்னொன்று, அதற்கு மேல் கிடையாது. ஐந்தாவது ஸ்விங்கில் திடீரென்று ஞானம் வந்து நான் பார்த்ததில்லை.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஒரு ரவுண்டில் புட்டிங்கை (குழிக்குள் உருட்டிவிடும் அடிகளை) விட்டுவிட்டு ஒருவர் 50 ஷாட் அடிக்கிறார் என்று வையுங்கள். ஷாட்டுக்கு இரண்டு கூடுதல் ஸ்விங், ஒன்றுக்கு 5 வினாடி என்றால் ஒரு ஆளுக்கு 500 வினாடி, நாலு பேருக்கு 2000 வினாடி. அரை மணி நேரத்துக்கும் மேல், பின்னால் ஒரு குழு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் முறை வந்து, தடை எதுவும் இல்லாமல் ஆட முடிகிற நிலையில், 40 வினாடிக்குள் அடித்துவிடுங்கள் என்பதுதான் விதிப் புத்தகமே சொல்லும் பரிந்துரை. பக்கத்து ஆள் அடிக்கப் போகும்போது ஸ்விங் எடுக்காதீர்கள், ஆள் நிற்கும் திசையில் ஒருபோதும் எடுக்காதீர்கள். கல்லும் மண்ணும் பறக்கும், கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை.

ஏன் ஒரு அடி தள்ளி என்று கேட்கலாம். 2019 மாஸ்டர்ஸ் போட்டியில், அமெரிக்காவின் அகஸ்டா கோர்ஸில், 13வது ஹோலின் டீயில் (முதல் ஷாட் அடிக்கும் இடத்தில்), ஸாக் ஜான்சன் டிரைவரால் பிராக்டிஸ் ஸ்விங் எடுத்தபோது கிளப் பந்திலேயே பட்டு அது பக்கத்தில் தெறித்தது. அந்தப் போட்டியை 2007இல் ஜெயித்த ஆள் அவர். அபராதம் இல்லை, ஏனென்றால் டீயில் நிஜ ஷாட் அடிக்கும் வரை பந்து ஆட்டத்திலேயே இல்லை; எடுத்து மறுபடி வைத்து அடித்தார். இதே தவறை ஃபேர்வேயிலோ (நடுவே ஒட்ட வெட்டிய புல்) ரஃபிலோ (ஓரத்து உயரமான புல்) செய்தால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம், அதாவது கணக்கில் ஒரு அடி கூடும், பந்தைப் பழைய இடத்தில் வைத்துத்தான் ஆட வேண்டும். கிரீன் (கொடி நட்ட குழியைச் சுற்றியுள்ள மென்புல்) மேல் தெரியாமல் பட்டுவிட்டால் அபராதம் கிடையாது, திருப்பி வைத்தால் போதும்.

பங்கர், அதாவது மணல் பள்ளம், தனிக் கதை. பந்து மணலில் கிடக்கும்போது பிராக்டிஸ் ஸ்விங்கில் கிளப் மணலைத் தொட்டால் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளைக் கூட்டும் ஆட்டம்) இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், மேட்ச் பிளேயில் (ஹோல் ஹோலாக ஜெயிக்கும் ஆட்டம்) அந்த ஹோலே போச்சு. பங்கருக்கு வெளியே புல்லில் ஒத்திகை பார்த்துவிட்டு இறங்குங்கள். தண்ணீர்ப் பக்கம் சிவப்பு, மஞ்சள் குச்சி நட்டிருக்கும் பகுதிகளில் முன்பு தரையைத் தொடக் கூடாது என்று இருந்தது. 2019இல் விதிகள் மாறிய பிறகு அங்கே தொடலாம். மரத்தடியில் நின்று ஸ்விங் எடுக்கும் சாக்கில் கிளையை ஒடித்து இடம் பண்ணிக்கொள்வதும் அபராதம்தான். தெரியாமல் ஒடித்தேன் என்று சொன்னாலும் எடுபடாது.

இப்போது நிஜ டிவட்டுக்கு வருவோம். ஷாட் முடிந்ததும் எல்லோரும் பந்தைத்தான் பார்க்கிறார்கள், சரி, அது போய் விழுந்ததும் கீழேயும் பாருங்கள். குழி பந்துக்குப் பின்னாலேயே ஆரம்பித்திருந்தால் தரையை முதலில் அடித்திருக்கிறீர்கள், எடை பின் காலிலேயே தங்கிவிட்டது என்பது வழக்கமான காரணம். வலது கைக்காரருக்குக் குழி இலக்குக்கு ரொம்ப இடது பக்கமாகப் போனால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது, பந்து வலது பக்கம் வளைந்து போவதும் பெரும்பாலும் அதனால்தான். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தால் பயப்பட வேண்டாம், பந்தைத் தாண்டிய பிறகு கிளப் உள்பக்கம் திரும்புவது இயல்பு. குழியின் வெளி ஓரம், அதாவது உங்கள் காலுக்குத் தூரமான ஓரம், ஆழமாக இருந்தால் கிளப்பின் மூக்கு முதலில் இறங்குகிறது. உள் ஓரம் ஆழமாக இருந்தால் குதிகால். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் நிற்கும் விதத்தையோ கிளப்பின் சாய்வுக் கோணத்தையோ யாரிடமாவது காட்டுங்கள். ஒரே ஒரு குழியை வைத்து ஜாதகம் கணிக்காதீர்கள்.

பழகுவதற்கு எனக்கு மிகவும் உதவியது கோலமாவு. சிரிக்காதீர்கள். புல் தரை கிடைக்கும் இடத்தில் ஒரு முழம் நீளத்துக்கு நேர்கோடு போட்டு, கோடு பந்து இருக்கும் இடம் என்று வைத்துக்கொண்டு, பந்து இல்லாமலே கோடு நெடுக நகர்ந்து நகர்ந்து பத்து ஸ்விங். ஒவ்வொன்றிலும் புல் கோட்டிலிருந்தோ அதற்கு முன்னாலிருந்தோ பெயர வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால் அது ஷாட்டில் தொம். முதல் நாள் எனக்கு பத்துக்கு எட்டு பின்னால்தான். கோலமாவு முழுக்க என் ஷூவில். இரண்டு வாரத்தில் கணக்கு தலைகீழானது. பயிற்சி ரேஞ்சில் இருக்கும் பிளாஸ்டிக் மேட் (விரிப்பு) இதில் பொய் சொல்லும்: நாலு விரற்கடை பின்னால் அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய் பந்தை எடுத்துவிடும், நாம் நன்றாக அடித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். மேட்தான் கதி என்றால் பந்துக்கு ஒரு சாண் பின்னால் சின்னத் துண்டை மடித்துப் போடுங்கள், துண்டு நகராமல் அடித்தால் சரி. புல் ரேஞ்ச் கிடைத்தால் கண்ட இடத்தில் அடிக்காமல், முதல் குழிக்கு ஒட்டிப் பின்னால் அடுத்த பந்தை வைத்து, நேர் வரிசையாகப் பின்னோக்கி வாருங்கள். சிதறி அடிப்பதைவிட இதில் வீணாகும் புல் குறைவு, வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே இருக்கும் புல் படர்ந்து குழியை மூடும்.

அப்புறம் குழியை மூடுவது. நம் சமவெளிக் கோர்ஸ்களில் பெரும்பாலும் பெர்முடா புல். பெரிய பேர் மாதிரி இருக்கும், பார்த்தால் நம்ம அருகம்புல் வகைதான், பிள்ளையாருக்கு வைக்கிறோமே அதேதான். கோர்ஸுக்கு என்று கலப்பினம் செய்ததைப் போட்டிருப்பார்கள். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று வாழ்த்துகிறோம் அல்லவா, அந்த வேரோடும் குணம்தான் இங்கே காரியம் செய்கிறது. அடித்ததும் பத்தை தூள் தூளாகப் போய்விடும், பொறுக்கி வைத்தாலும் காய்ந்துதான் போகும். ஆனால் சுற்றியுள்ள புல் பக்கவாட்டில் ஓடி வந்து குழியைப் பிடித்துக்கொள்ளும், நாம் மணலால் நிரப்பிவிட்டால் போதும். கேடியின் சாக்கிலோ வண்டியின் பாட்டிலிலோ மணல் இருக்கும். தரை மட்டத்துக்குப் போட்டு ஷூவால் ஒரு தடவை சமன் செய்யுங்கள். குவித்து வைத்தால் புல் வெட்டும் இயந்திரத்தின் பிளேடு கெடும், பாதி போட்டால் பள்ளம் அப்படியே இருக்கும். குளிர்ப் பிரதேசத்துப் புல் வேறு. அங்கே வேரும் ஈரமண்ணுமாக முழுப் பத்தையாக வந்தால் எடுத்து, வந்த திசையிலேயே பொருத்தி, காலால் அழுத்திவிட்டால் பிழைத்துக்கொள்ளும். எந்த ஊரில் எது என்று குழம்பினால் அங்கே இருக்கும் கேடியைக் கேளுங்கள், அவர் சொல்வதுதான் விதி. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய கோர்ஸில் குளிர்காலத்தில் ஃபேர்வேயில் சின்ன விரிப்பை வைத்து, அதன் மேல் பந்தை வைத்துத்தான் அடிக்கச் சொல்கிறார்கள், புல் வளராத மாதங்களில் குழி ஆறாது என்பதால். (கிரீனில் பந்து விழுந்து உண்டாகும் பள்ளத்தையும் சிலர் டிவட் என்கிறார்கள். அது வேறு. அதைச் சின்ன முள்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளி மூட வேண்டும், கீழிருந்து நெம்பித் தூக்கக் கூடாது.)

மூடாமல் போனால் என்ன ஆகும்? அடுத்தவர் பந்து அதில் விழும், ஃபேர்வே நடுவில் அருமையாக அடித்தும். பந்து டிவட் குழியில் கிடந்தால் அபராதமில்லாமல் நகர்த்தும் சலுகை கிடையாது, கிடக்கிறபடியே ஆட வேண்டும். அந்த இடத்தைப் பழுது பார்க்கும் இடமாக கமிட்டி கோடு போட்டிருந்தால் மட்டும் தள்ளி வைக்கலாம். மணல் போட்டு மூடிய குழியும் சுலபமில்லை: 1998 யு.எஸ். ஓப்பனில், சான் ஃபிரான்சிஸ்கோ ஒலிம்பிக் கிளப்பில், கடைசி நாளை நாலு ஸ்ட்ரோக் முன்னிலையோடு தொடங்கிய பெய்ன் ஸ்டூவர்ட்டின் பந்து 12வது ஹோலின் ஃபேர்வேயில் மணல் நிரப்பிய டிவட்டில் போய் உட்கார்ந்தது. முடிவில் லீ ஜான்ஸெனிடம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். உங்களுக்கு அப்படி மாட்டினால் பந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பின்னால் வைத்து, எடையை முன் காலில் போட்டு, கீழ்நோக்கி அடியுங்கள். பந்து தாழ்வாகப் பறந்து விழுந்த பிறகு நிறைய ஓடும், அதற்கும் இடம் விட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கேடி அண்ணன் இப்போதும் என்னோடு வருகிறார். நான் அந்த ஒரு ஸ்விங் எடுக்கும்போதே மணல் சாக்கின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், ஷாட் போனதும் குழியில் கொட்டி மிதித்துவிட்டு முன்னால் நடப்பார். கெட்ட நாளில் எனக்குப் பழைய புத்தி வந்து இரண்டாவது குழி விழுந்தால் ஒன்றும் பேச மாட்டார், சாக்கை என் கையில் கொடுத்துவிடுவார்.