இயக்க நரம்பணு நோயில் விழுங்குதலும் முகத்தசையும்: வீட்டில் பராமரிப்போருக்கு ஒரு வழிகாட்டி

தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிந்துபோவதே இயக்க நரம்பணு நோய். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது கையிலோ காலிலோ தொடங்காமல், பேச்சுக் குழறுவதிலும் தேநீர் புரையேறுவதிலும் தொடங்குகிறது. மற்றவர்களில் பெரும்பாலானோருக்கும் நாக்கு, உதடு, தாடை, தொண்டை ஆகியவற்றின் தசைகள் நோயின் ஏதோவொரு கட்டத்தில் தளர்கின்றன. ஆனால் நாவின் சுவை குறைவதில்லை; தொடு உணர்வு குறைவதில்லை; கண்ணசைவும் பெரும்பாலும் இறுதிவரை நிலைக்கிறது. முன்னால் இருப்பவர் உணவின் ருசியை முழுமையாக அறிந்துகொண்டே அதை விழுங்க முடியாமல் தவிக்கிறார் என்பதைப் பராமரிப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

தளர்ந்த தசையைக் கடும் பயிற்சியால் மீட்டெடுக்க இயலாது. ரிலுசோல் மாத்திரை நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், குணமாக்காது. ஆகவே நம் கையில் இருப்பவை உணவின் பதம், உட்காரும் நிலை, உண்ணும் நேரம், துணைக் கருவிகள் ஆகியவையே. இவை ஒவ்வொன்றையும் தேவை கழுத்தைப் பிடிக்கும் வரை காத்திராமல், ஒரு படி முன்னதாகவே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

சாப்பாட்டு வேளை முன்னைவிட நீள்வது, சோற்றுப் பருக்கை கன்னத்துக்குள் தங்கிவிடுவது, பானம் மூக்கு வழியாக வருவது, குடித்தபின் குரல் ஈரமாகக் களகளப்பது, காரணமின்றி எடை குறைவது ஆகியவை தொடக்க அடையாளங்கள். இருமலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது; உணவுத் துணுக்கு மூச்சுக்குழாய்க்குள் போயும் இருமல் வராத நிலை சிலரிடம் உண்டு. அடிக்கடி காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் வந்து போனால் அந்தச் சந்தேகம் எழ வேண்டும்.

நரம்பியல் நிபுணரிடம் செல்லும்போது பேச்சு மொழிச் சிகிச்சையாளருக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். பேச்சுக்கானவர் என்று பெயர் இருப்பதால் பலர் இவரை நாடுவதில்லை; உண்மையில் விழுங்குதலைச் சோதித்துப் பதம் வகுத்துத் தருவதும் அவர் பணியே. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இத்துறைக்குப் பட்டப்படிப்பு உண்டு. தேவையானால் பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கமராவைச் செலுத்தித் தொண்டையைப் பார்ப்பார்கள்.

உட்காரும் நிலையும் குடிக்கும் முறையும்

நம் வீடுகளில் வாய் படாமல் அண்ணாந்து குடிப்பது நல்ல பழக்கமாகக் கற்பிக்கப்பட்டது. இந்த நோயில் அதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. தலை பின்னே சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் திறந்துகொள்கிறது, நீரோ நாக்கின் கட்டுப்பாட்டுக்கு வருமுன் தொண்டைக்குள் விழுந்துவிடுகிறது. கோயிலில் தீர்த்தம் வாங்கும்போதும் இதே அசைவுதான் நிகழ்கிறது. உள்ளங்கை நீரை உதட்டில் தொட்டு வைத்தாலே போதும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திருப்பலியில் நற்கருணை பெறுபவர்கள் அப்பத்தின் மிகச் சிறிய துணுக்கை மட்டும் தருமாறு குருவானவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சாய்மனைக் கதிரையிலோ படுக்கையிலோ அல்லாமல், முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தரையில் படிய உட்கார வேண்டும். விழுங்கும் கணத்தில் தாடையை மார்புப் பக்கம் சற்றுத் தாழ்த்துவது பலருக்குப் பாதுகாப்புத் தரும். எல்லோருக்கும் அல்ல என்பதால் சிகிச்சையாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பின்பே அதை வழக்கமாக்குங்கள். விளிம்பின் ஒரு பக்கம் மூக்குக்கு இடம் விட்டு வெட்டப்பட்ட குவளை தலையைப் பின்னே சாய்க்காமல் குடிக்க உதவும். உதடுகள் தளர்ந்தவர்களுக்கு ஸ்ட்ரோ எப்போதும் உதவுவதில்லை. உறிஞ்சும் முயற்சியே களைப்பூட்டும், பானமும் நேரே தொண்டைக்குள் பாயும்.

உண்ணும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள்; கேள்வி கேட்காதீர்கள். ஒரு தேக்கரண்டி அளவு கொடுத்து, அது முழுதும் இறங்கிய பின்பே அடுத்ததைக் கொடுங்கள். ஊட்டுபவர் நின்றபடி ஊட்டினால் நோயாளி தலையை உயர்த்த நேரும். ஆகவே அவருக்கு எதிரே, அதே உயரத்தில் அமருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் உணவு உடலுக்குத் தருவதைவிட அதிகமாக அதனிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. மூன்று பெரிய வேளைகளை ஐந்தாறு சிறிய வேளைகளாகப் பிரித்து, தசைக்கு வலு இருக்கும் காலை நேரத்தில் சத்து மிகுந்ததைக் கொடுங்கள். உண்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

கொழும்புச் சமையலறையில் பதம் பார்த்தல்

தளர்ந்த தொண்டைக்கு மிகவும் கடினமானவை நீர்த்த பானமும், நீரும் திண்மமும் கலந்த உணவுமே. இடியப்பத்தின் மேல் தண்ணீர்ப் பதச் சொதியை ஊற்றினால், மெல்ல வேண்டியதும் உடனே ஓடுவதும் ஒரே வாய்க்குள் சேர்கின்றன; நாக்கு இரண்டையும் ஒருங்கே கையாள முடியாது. சொதியைக் கெட்டியாக்கி, இடியப்பத்தை அதில் ஊறவைத்து முழுவதும் மசித்தால் அதே உணவு பாதுகாப்பாகிவிடும். பிட்டு, பாணின் கரை, கிறீம் கிறக்கர், அப்பத்தின் மொறுமொறுத்த விளிம்பு ஆகியவை உதிர்ந்து தொண்டையில் சிதறும். தொதலும் மஸ்கட்டும் அண்ணத்தில் ஒட்டும். கீரைச் சுண்டலில் நார் உண்டு. ஐஸ்கிறீம் திண்மமாகத் தோன்றினாலும் வாயில் உருகி நீராகிவிடும். நீர்த்த பானம் தடுக்கப்பட்டவருக்கு அதுவும் ஆகாது.

பொருத்தமானவை நம் சமையலில் நிறையவே உள்ளன. குழைய அவித்துக் கடைந்த பருப்பு, தேங்காய்ப் பால் சேர்த்து மசித்த பூசணிக்காய்க் கறி, நடுப்பகுதி மென்மையான வட்டிலப்பம், எருமைத் தயிர், மசித்த ஆனைக்கொய்யா, வடிகட்டிய குரக்கன் கஞ்சி, முள் ஒன்றுகூட இல்லாமல் ஆய்ந்து குழம்புடன் அரைத்த மீன் ஆகியவை அவற்றுள் சில. நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சி வீட்டுக்கு வந்தால் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுப் பிளெண்டரில் அடித்துக் கொடுக்கலாம். மிளகாய்த்தூள் தொண்டையில் பட்டு இருமலைக் கிளப்பும் என்பதால் அதைக் குறைக்க வேண்டும். ஆனால் கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், கறுவா ஆகியவற்றின் மணத்தைக் குறைக்காதீர்கள். ருசி தெரிந்தவருக்கு வெறும் மாவுக் கூழை மாதக்கணக்கில் கொடுப்பது பெரிய அநீதி.

உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக வகுத்த சர்வதேச அளவுமுறை ஒன்று இப்போது பல நாடுகளில் பாவிக்கப்படுகிறது. சிகிச்சையாளர் "இரண்டாம் படி" என்று எழுதித் தந்தால், வீட்டிலேயே அதைச் சரிபார்க்கலாம். அம்முறைக்குரிய 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, பானத்தை 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடிகள் ஒழுக விடுங்கள். 1 முதல் 4 மில்லிலீற்றர் வரை எஞ்சினால் முதலாம் படி. 4 முதல் 8 வரை எஞ்சினால் இரண்டாம் படி. 8 க்கு மேல் எஞ்சினால் மூன்றாம் படி. இளநீர், பிளேன்ரீ, மருந்து நீர் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மாப்பொருளால் கெட்டியாக்கிய பானம் எச்சில் பட்டதும் மெல்ல இளகும். சாந்தன் பசை கலந்த தூள் அவ்வாறு இளகாது. விலை கூடினாலும் பின்னதைத் தேடுவது நல்லது.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். இந்நோயில் சிலரின் உடல் ஓய்விலும் வழமையைவிடக் கூடுதலாகச் சக்தியைச் செலவிடுகிறது. ஆகவே கொழுப்பைக் குறைக்கும் பழைய அறிவுரைகளைத் தொடரலாமா என்று வைத்தியரிடம் மீளக் கேளுங்கள். தேங்காய்ப் பால், நெய், முழு ஆடைப் பால்மா ஆகியவை சிறிய அளவில் அதிகச் சக்தி தருபவை.

முகம், உதடு, தாடை

உதடுகள் மூடாதபோது உணவு வழியும். மெல்ல விரலால் கீழுதட்டைத் தாங்கி மூட உதவலாம். அதற்கு முன் நோயாளியின் அனுமதியைக் கேளுங்கள். கன்னத்தையும் தாடை மூட்டையும் வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, வட்டமாக நீவிவிடுவது இறுக்கத்தைத் தளர்த்தும். கண்ணாடி முன் கடும் பயிற்சி செய்யும்படி வற்புறுத்துவது, சாப்பிடத் தேவையான வலுவையே வீணாக்கிவிடும். சிலருக்குத் தாடை திடீரென இறுகிப் பற்கள் கடிபடும். அவர்களுக்கு உலோகக் கரண்டியைத் தவிர்த்து மென்மையான சிலிக்கன் கரண்டியைப் பாவியுங்கள். இமைகள் முழுதும் மூடாவிட்டால் கண் உலரும். செயற்கைக் கண்ணீர்த் துளிமருந்து பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

காரணமின்றி அழுவதும் அடக்க முடியாமல் சிரிப்பதும் இந்நோயின் ஓர் அறிகுறியே. மனம் பேதலித்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. மரண வீட்டில் சிரித்துவிடுவோமோ என்ற அச்சத்தால் வெளியே செல்வதையே நிறுத்தியவர்கள் உண்டு. மருந்தால் இதைக் குறைக்க முடியும். அதேபோல, அசையாத முகத்தைப் பார்த்து அக்கறையின்மை என்று உறவினர் எண்ணக்கூடும். முகத்தில் தெரியாத உணர்வு பெரும்பாலும் உள்ளே முழுமையாக இருக்கிறது என்று அவர்களிடம் தனியே எடுத்துச் சொல்லுங்கள்.

எச்சிலும் வாய்ச் சுத்தமும்

நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை எச்சில் எல்லோருக்கும் சுரக்கிறது. வீணீர் வடிவது சுரப்பு கூடியதால் அல்ல, விழுங்குவது குறைந்ததால்தான். அமிட்ரிப்டிலின் மாத்திரை, ஹயோசின் ஒட்டுப்பட்டி, நாக்கின் கீழ் இடும் அற்றோப்பின் துளி, எச்சில் சுரப்பியில் போடும் பொட்டுலினம் ஊசி என்று பல வழிகள் உண்டு. மலச்சிக்கல், சிறுநீர்த் தடை, முதியோரிடம் மனக்குழப்பம் ஆகிய பக்கவிளைவுகள் இருப்பதால் வைத்தியரே தெரிவு செய்ய வேண்டும். இவை சளியைத் தடிப்பாக்கவும் கூடும். கொழும்பின் புழுக்கத்தில் உடல் நீர் குறைந்தாலும் அதே விளைவுதான். அப்போது நீர்ச்சத்தைக் கூட்டுவது, உப்புநீரை நெபுலைசரில் கொடுப்பது, அன்னாசிச் சாற்றில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் வாயைத் துடைப்பது ஆகியவை உதவும். வாயில் புண் இருந்தால் அன்னாசி வேண்டாம். கையடக்க உறிஞ்சு இயந்திரம் ஒன்றை வாடகைக்கேனும் எடுத்து வைக்கலாம்.

நெஞ்சுத் தொற்றை உண்டாக்குவது உணவு மட்டுமல்ல. அழுக்கு வாயிலிருந்து இறங்கும் எச்சிலிலுள்ள கிருமிகளும்தான். ஆகவே வாயால் உண்ணாதவருக்கும் காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். சிறிய தூரிகை, நுரை குறைந்த பற்பசை, குனிந்த தலை. நாக்கில் வெண்படலம் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாத்திரைகளை நீரில் விழுங்க முடியாதபோது கெட்டித் தயிரில் வைத்துக் கொடுக்கலாம். பொடியாக்குவதற்கு முன் மருந்தாளரைக் கேளுங்கள். ரிலுசோலைப் பொடித்தால் வாய் மரத்துப்போகும், மரத்த வாயில் விழுங்குவது இன்னும் ஆபத்தாகும். அம்மருந்தை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டியிருப்பதால், அதை எப்படிக் கொடுப்பதென்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மூச்சடைக்கும்போது

புரையேறியவர் இருமிக்கொண்டிருந்தால் முன்னே குனியச் செய்து இரும விடுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், உச்சந்தலையில் தட்டாதீர்கள். சத்தமே வராமல், மூச்சும் எடுக்க முடியாமல் திணறினால் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்டி, பலனில்லாவிட்டால் பின்னால் நின்று வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்தி, இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். இதற்கிடையில் இன்னொருவர் 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும், அச்சேவை இலவசமானது.

உணவு எதுவும் இல்லாமலேயே குரல்வளை திடீரென இறுகி மூச்சு நின்றுவிட்டதைப் போல் தோன்றுவது வேறொரு நிலை. அச்சமூட்டினாலும் அது பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாகத் தளர்ந்துவிடும். தோள்களைத் தளர்த்தி, முன்னே சாய்ந்து, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுக்கும்படி அமைதியான குரலில் சொல்லிக்கொண்டிருங்கள்.

வயிற்றுக் குழாய் பற்றிய முடிவு

குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் பல குடும்பங்களில் பேச்சு நின்றுவிடுகிறது. வாய்க்கு எல்லாம் முடிந்தது என்றே அது விளங்கிக்கொள்ளப்படுகிறது. என் கருத்து நேர் எதிரானது. உள்நோக்குக் கருவியின் துணையுடன் வயிற்றுச் சுவர் வழியாகப் பொருத்தும் இம்முறை 1979 இல் முதன்முதலாக ஒரு கைக்குழந்தைக்குச் செய்யப்பட்டது. இன்று இது வழமையான சிகிச்சை. போஷாக்கும் நீரும் மருந்தும் குழாய் வழியே சென்றுவிட்டால், வாயால் உண்பது கட்டாயமாக இல்லாமல் ருசிக்காக மட்டும் ஆகிவிடுகிறது. சிகிச்சையாளர் அனுமதித்தால் ஒரு கரண்டி வட்டிலப்பத்தை அவசரமின்றிச் சுவைக்கலாம்.

காலம் இதில் முக்கியம். மூச்சுத் தசைகள் தளர்ந்து, மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்க்கப்படும் அளவின் பாதிக்குக் கீழே போனபின் இச்சிகிச்சையின் ஆபத்துக் கூடுகிறது. நோய்க்கு முந்திய எடையில் பத்தில் ஒரு பங்கு குறையும் வரை காத்திருப்பதும் தாமதமே. ஆகவே இன்னும் ஓரளவு நன்றாக உண்ணும்போதே பேச்சைத் தொடங்குங்கள். குழாய் வைத்தாலும் எச்சில் புரையேறுவது முற்றாக நிற்காது என்பதையும், வேண்டாம் என்று மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் பேச முடியாதவராக இருந்தால் எழுத்துப் பலகையையோ தொலைபேசியின் தமிழ் வாசிப்புக் குரலையோ கொடுத்து, பதிலுக்கு வேண்டிய நேரம் காத்திருங்கள். பிள்ளைகள் அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது.

குழாய் வழியே கொடுக்கும் முன்னும் பின்னும் கொதித்தாறிய நீரைச் செலுத்திக் கழுவ வேண்டும்; படுக்கையின் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். வீட்டுக் கஞ்சி குழாயை அடைத்துவிடக்கூடும் என்பதால் போஷாக்கு நிபுணர் சொன்ன கலவையையே கொடுங்கள்.

இவற்றோடு ஒரு தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வீட்டு வாசலருகே ஒட்டி, அதன் பிரதியொன்றைப் பையிலும் வையுங்கள். நோயின் பெயர், பானத்தின் படி, உணவின் பதம், நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்ற குறிப்பு, மருந்துகள், இவர் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்கிறார் என்ற ஒரு வரி ஆகியவை அதில் இருந்தால், நள்ளிரவில் வரும் அம்பியூலன்ஸ் உதவியாளருக்கும் விபத்துப் பிரிவிலுள்ள தாதிக்கும் நீங்கள் எதையும் புதிதாக விளக்க வேண்டியிராது.