சல்லிசாகப் பழைய டிராக்டர் வாங்கப் போய் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

புதுசாகப் பெயின்ட் அடித்து நிற்கும் பழைய டிராக்டரிடம் போனால் நான் முதலில் பார்ப்பது பெயின்ட் படக் கூடாத இடங்களைத்தான். ரேடியேட்டர் ஹோஸில் சிவப்பு, ஃபேன் பெல்ட் ஓரத்தில் சிவப்பு, ஆயில் கசிந்து கரி பிடித்த இடத்தைத் துடைக்காமல் அதன் மேலேயும் சிவப்பு. இப்படி இருந்தால் போன வாரம்தான் ஸ்பிரே கன்னை எடுத்திருக்கிறார்கள், விற்பதற்காகவே எடுத்திருக்கிறார்கள். எனக்கு அழுக்காக, அங்கங்கே கீறலோடு, எது எங்கே ஒழுகுகிறது என்று பார்த்ததும் தெரிகிற வண்டிதான் பிடிக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஒழுகலுக்கு மெக்கானிக்கிடம் கேட்டு ஒரு விலை போட்டுக் கழித்துவிடலாம்.

இதுவரை நான்கு வண்டி வாங்கியிருக்கிறேன். இரண்டு ஃபைனான்ஸ் ஏலத்தில், இரண்டு நேரடியாக ஆளிடம். மூன்றில் தப்பித்தேன், ஒன்றில் நன்றாக மாட்டினேன், அது இன்ஜின் கோளாறு இல்லை, பேப்பர் கோளாறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முக்கால்வாசிப் பேர் ஏல வண்டிகள் நிற்கும் யார்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே முதல் தவறைச் செய்துவிடுகிறார்கள், அதாவது புது வண்டியின் இன்றைய விலை தெரியாமல் போகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. ஆறரை லட்சத்துக்கு விற்ற வண்டியில் இதனால் மட்டும் சுமார் நாற்பதாயிரம் குறைகிறது. டிராக்டர் டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதம் இருந்தது, அதுவும் 5 ஆகிவிட்டது. புதுசு இறங்கினால் பழசும் இறங்க வேண்டும், ஆனால் விற்கிறவர் பழைய கணக்கிலேயே பேசுவார், நீங்கள் எடுத்துச் சொல்லாத வரைக்கும் தரகரும் வாயைத் திறக்க மாட்டார்.

சரி, ஏலத்துக்கு வருவோம். தவணை கட்டாமல் சீஸ் ஆன வண்டிகளைத்தான் ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஏலம் விடுகின்றன. அரசுத் துறைகள் கழித்துக்கட்டும் வண்டிகள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் வழியாக ஆன்லைன் ஏலத்துக்கு வரும். இரண்டிலும் ஒரே நிபந்தனைதான்: உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருந்தபடி. நாளைக்கு கியர் பாக்ஸ் உடைந்தாலும் யாரையும் கேட்க முடியாது. இது தெரிந்தும் போனில் நான்கு போட்டோ பார்த்துவிட்டு ஏலம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போட்டோ எடுத்த அன்றைக்கு இருந்த பேட்டரி, நீங்கள் டெலிவரி எடுக்கும் அன்றைக்கும் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பேட்டரி போயிருக்கும், டைனமோ போயிருக்கும், சில நேரம் நல்ல டயரைக் கழற்றிவிட்டு மொட்டை டயரை மாட்டி வைத்திருப்பார்கள். சீஸ் ஆகப் போகிறது என்று தெரிந்த பழைய ஓனர் கழற்றினாரா, யார்டில் கழன்றதா என்று விசாரித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நேரில் போய், டயர் நம்பர் உட்பட எல்லாவற்றையும் உங்கள் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

யார்டில் ஸ்டார்ட் பண்ண விடுவார்கள், ஓட்ட விட மாட்டார்கள். அதனால் கியர், கிளட்ச், பிரேக் மூன்றும் போய்விட்டதாகவே வைத்துக் கணக்குப் போட வேண்டும். நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன். நம் பக்கத்தில் ஓடும் நிலையில் அந்த மாடல் மூன்று லட்சத்து இருபதாயிரம் போகிறது என்று வையுங்கள். பின் டயர் ஜோடி ஐம்பதாயிரம், கிளட்ச் வேலை இருபதாயிரம், பேட்டரி, வயரிங், ஆயில் எல்லாம் சேர்த்துப் பதினைந்து, லாரி வாடகை பத்து, ஏலக் கமிஷன், கமிஷனுக்கு ஜி.எஸ்.டி., யார்டு வாடகை, ஆர்.டி.ஓ. செலவு எல்லாம் இருபது. ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் போனால் மிச்சம் இரண்டு லட்சத்து ஐயாயிரம். இன்ஜின் கழற்ற வேண்டி வந்தால் என்று இன்னொரு முப்பது நாற்பது கழித்து, ஒன்றே முக்காலுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் ஒன்று எண்பது சொன்னதும் கை தானாகத் தூக்கும், சீட்டைப் பார்த்துவிட்டுக் கையைப் பாக்கெட்டில் விடுங்கள். அவனை ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் புது வண்டி முன்பணத்தையே தாண்டிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, அதிக விலை கேட்டதாலேயே வண்டி உங்களுக்கு ஆகிவிடாது. பல ஏலங்களில் கம்பெனி ஒப்புதல் என்று ஒன்று உண்டு. ஒப்புதல் வரும் வரை, ஏலம் கேட்பதற்காக நீங்கள் கட்டிய முன்வைப்புத் தொகை அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும், வந்த பிறகு குறித்த நாளுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அந்தத் தொகை போய்விடும். வண்டி பார்க்கப் போகும் அன்றைக்கே நிபந்தனைத் தாளை வாங்கிப் படித்துவிடுங்கள்.

நேரடியாக வாங்கும்போது பெரிய தவறு, ஏற்கெனவே சூடான இன்ஜினைப் பார்ப்பது. "வாங்க தம்பி, வண்டி ரெடியா இருக்கு" என்று சொல்லி, நீங்கள் போகும்போது அது ஓடிக்கொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். காலையில் நாங்கள் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள், போனதும் பானெட்டைத் தூக்கி இன்ஜினில் கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தால் பரவாயில்லை. சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. லோடு ஏற்றும்போது கட்டுக்கட்டாகக் கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பிலிருந்து நாசில், பம்ப் வரை எதுவாகவும் இருக்கலாம். அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் சரி, குபுகுபுவென்று தள்ளினால் லைனர், ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிக்கும் போர் வேலை இருக்கிறது.

மணி மீட்டரை நம்பாதீர்கள். கேபிள் அறுந்து இரண்டு வருடம் ஓடிய வண்டிகள்தான் ஊரில் அதிகம். கேபிள் நன்றாக இருந்தாலும் பழைய மெக்கானிக்கல் மீட்டர் இன்ஜின் சுற்றுக்குத் தக்கபடிதான் நகரும், மெதுவாக ஓடினால் ஒரு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் காட்டாது. அதற்குப் பதில் கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் பிடி, சீட்டுக்குக் கீழே இருக்கும் கால்மிதி, இவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். மீட்டர் 1,800 மணி காட்டி, பெடல் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

பின்னால் போய்க் கொக்கியைப் பாருங்கள். டிரெய்லர் பின் மாட்டும் ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். முட்டை மாதிரி நீண்டிருந்தால் அது உழவு ஓட்டிய வண்டி இல்லை, கரும்போ செங்கல்லோ மண்ணோ இழுத்தே வாழ்ந்த வண்டி. கிளட்சும் கியரும் நிறையப் பாரம் தாங்கியிருக்கும். டெல்டா பக்கத்து வண்டி என்றால் வேறு மாதிரிப் பார்க்க வேண்டும், கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் போட்டுச் சேற்று உழவு ஓட்டியிருப்பார்கள், பின் ஆக்ஸில் சீலுக்குள் சேறு போய் பேரிங்கையும் பிரேக்கையும் தின்றிருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்த தடம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், வேட்டி அழுக்கானால் ஆகட்டும்.

ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டித் தூக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் பழைய வண்டிக்கு அது சகஜம். நீங்கள் நாலு அடி நடப்பதற்குள் கலப்பை தரையைத் தொட்டால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. வண்டியை மேட்டில் ஏற்றிக் கியரைச் சோதியுங்கள், ஆக்ஸிலேட்டரை ஏற்றி இறக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் விட்டுவிடுங்கள், டிராக்டரில் கியர் பாக்ஸ் வேலை என்றால் வண்டியையே இரண்டாகப் பிளக்க வேண்டும். டயர் விஷயத்தில் ஒன்றே ஒன்று, பட்டன் உயரமாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டி ரீபட்டன் போட்டதா என்று பக்கவாட்டில் விரிசலைப் பார்த்தால் தெரியும்.

மாடல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பழைமையானது. உங்கள் தாலுகாவில் எந்த வண்டிக்கு ஸ்பேர் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். மஹிந்திரா 475, மாஸ்ஸி 1035, ஸ்வராஜ் 735 மாதிரி வண்டிகளுக்கு ஊர் மெக்கானிக்கே கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். ஹெச்.எம்.டி. நல்ல வண்டிதான், ஆனால் அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016-லேயே முடிவெடுத்துவிட்டது, அது ஏன் அவ்வளவு மலிவாக வருகிறது என்று இப்போது புரியும். 50 ஹெச்.பி.க்கு மேலான வண்டி என்றால் 2023 ஜனவரிக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று கேளுங்கள். அன்றைக்குத்தான் அந்த வகைக்குப் புது மாசு விதி வந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் எலெக்ட்ரானிக் சமாச்சாரம் அதிகம், சுத்தியல் ஸ்பேனரோடு வரும் மெக்கானிக்கால் சமாளிக்க முடியாது.

இப்போது பேப்பர். என் மூன்றாவது வண்டி அவ்வளவு நல்ல வண்டி, விலையும் ஊர் விலையைவிட நாற்பதாயிரம் குறைவு. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், ஃபைனான்ஸ் பெயர் இருந்தது. "கடைசி டியூ கட்டியாச்சு அண்ணே, என்.ஓ.சி. வாங்குறதுதான் பாக்கி" என்றார் விற்றவர், ரசீதையும் காட்டினார். என்.ஓ.சி. என்றால் ஆட்சேபணை இல்லை என்று ஃபைனான்ஸ் தரும் கடிதம். ரசீது நிஜம், கடனும் முடிந்திருந்தது. ஆனால் அவர் தன் மச்சானின் லோனுக்கு அதே கம்பெனியில் ஜாமீன் போட்டிருந்தார், மச்சான் கட்டவில்லை, அது முடியாமல் இதற்கு என்.ஓ.சி. தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பதினொரு மாதம் அலைந்தேன். அந்தப் பதினொரு மாதமும் வண்டி என் வீட்டில், ஆர்.சி. அவர் பேரில். அதனால் இப்போதெல்லாம் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து தன் பெயரை நீக்க ஃபைனான்ஸ் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுப்பதில்லை, மூன்றில் ஒரு பங்கையாவது நிறுத்தி வைப்பேன். ஏலத்தில் எடுத்த வண்டியில் கதை வேறு. சீஸ் பண்ணிய கம்பெனி படிவம் 36 கொடுத்துத் தன் பெயருக்கு ஆர்.சி. மாற்றிவிட்டதா, இல்லையென்றால் யார் மாற்றித் தருவார்கள், எத்தனை நாளில் என்று ஏலத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஓப்பன் பேப்பரில் வண்டி வாங்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே மூன்று கை மாறும். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் விற்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்குகிறவருக்கு வேறு தலைவலி, மூன்றாவது வருடம் பெயர் மாற்றப் போகும்போது முதல் ஓனர் இறந்துபோயிருப்பார். அப்புறம் வாரிசுச் சான்றிதழ், வெளியூரில் இருக்கும் நான்கு பிள்ளைகளின் சம்மதம் என்று இழுக்கும். தாத்தா பெயரில் ஆர்.சி. இருக்கிற வண்டியைப் பேரன் விற்க வந்தால் முதலில் அவர்கள் பெயர் மாற்றட்டும், பிறகு பேசலாம். வெளி மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆட்சேபணை இல்லை என்று தரும் படிவம் 28 இல்லாமல் பேச்சையே ஆரம்பிக்காதீர்கள்.

மணல் கேஸ் வண்டி தனி ரகம். திருட்டு மணல் ஏற்றிப் பிடிபட்ட டிராக்டரை, கேஸ் முடியும் வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கோர்ட் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அந்த வண்டிதான் திடீரென்று ஒரு லட்சம் குறைவாக உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும். ஆற்றோர ஊர் வண்டி என்றால் எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், அந்த ஊர் டீக்கடையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள், ஆப்பில் இல்லாதது அங்கே கிடைக்கும். சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். டிரெய்லரும் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனி ஆர்.சி. உண்டு, பலரிடம் அது இருக்காது, இருப்பதாகச் சொல்வார்கள்.

ஆடிக்கு முன்னால் எல்லாருக்கும் வண்டி வேண்டும், அப்போது பேரம் படியாது. தரகர் வைத்தால் கமிஷன் யாரிடம் வாங்குகிறார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் வாங்குகிறவர் எந்தப் பக்கமும் பேச மாட்டார்.

வண்டி முடிந்த சந்தோஷத்தில் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வருவது கடைசித் தவறு. சீஸ் ஆகி மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் முடிந்திருக்கும், பிரேக் பிடிக்குமா என்று யாருக்கும் தெரியாது, உங்கள் கையில் இருப்பது ஒரு பணம் கட்டிய ரசீது மட்டும். என் இரண்டாவது ஏல வண்டியை எண்பது கிலோமீட்டர் ஓட்டி வருகிறேன் என்று கிளம்பி, பாதி வழியில் முன் ஆக்ஸில் சென்டர் பின் ஆடி ஸ்டியரிங் இழுக்க ஆரம்பித்து, பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்திவிட்டு இரவெல்லாம் டீசல் டேங்க் மூடியைக் காவல் காத்தேன். மறுநாள் லாரிக்காரர் கேட்டது ஆறாயிரம். முதல் நாளே யார்டு வாசலில் நாலாயிரத்தைந்நூறுக்கு ஒருத்தர் கேட்டிருந்தார்.