பை தினம் நடத்துகிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்தான் பை (π), ஏறத்தாழ 3.14; அதைக் கொண்டாடும் நாள் பை தினம், மார்ச் 14. பள்ளிக் கணித மன்றங்களில் அதை நடத்த உதவி வருகிறேன். நாங்கள் ஆரம்பத்தில் செய்து, பின்பு கைவிட்ட சொதப்பல்களைப் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் வருடா வருடம் மறுபடி செய்கிறார்கள். தோரணம் கோணலாகத் தொங்குவதையெல்லாம் விட்டுவிடலாம்.

22/7 தான் பை என்று பேனர் அடிப்பது

வேண்டாம். பையைப் பின்னமாக எழுதவே முடியாது என்று கணிதவியலாளர் லாம்பெர்ட் 1760களிலேயே நிறுவிவிட்டார்.

விடையை வைத்துக்கொண்டு அளப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வளையல், மூடி, தட்டு என்று கொடுத்து, நூலால் சுற்றளவை அளந்து விட்டத்தால் வகுக்கச் சொல்வார்கள். ஒரு பள்ளியில் சுவர் முழுக்க அட்டவணை. எல்லா வரியிலும் 3.14. ஒரு சிறுமியின் தாளில் மட்டும் அழித்த தடம் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 3.35.

அவள் அளந்தது சரிதான். வளையலின் உள்விட்டம் 6 செ.மீ.; நூலைச் சுற்றியதோ வெளிப்பக்கம். வெளிவிட்டம் 6.4 என்றால் சுற்றளவு 20.1, வகுத்தால் 3.35. எவ்வளவு நல்ல பாடம் அது! ஆசிரியை "தப்பு, மாத்து" என்று சொல்லியிருக்கிறார். அவளும் மாற்றிவிட்டாள்.

உள்ளும் புறமும் குழம்பாமல் அளந்தாலும், 6 செ.மீ. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடை 3.09க்கும் 3.19க்கும் இடையே ஆடும். ஆக, எல்லோருக்கும் 3.14 வந்தால் யாரும் ஒழுங்காக அளக்கவில்லை என்று பொருள். பெரியவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். கோடு போட்ட தளத்தில் ஊசியைப் பலமுறை போட்டு, எத்தனை முறை அது கோட்டைத் தொடுகிறது என்பதிலிருந்தும் பையைக் கணக்கிடலாம். இத்தாலியரான லாட்சரீனி 1901இல், கோடு போட்ட தளத்தில் 3,408 முறை ஊசி போட்டதாகவும், 1,808 முறை அது கோட்டைத் தொட்டதாகவும் சொல்லி, ஆறு தசம இடங்கள் வரை சரியாகப் பையைக் காட்டினார். தொட்டது ஒன்று கூடியிருந்தால் 3.1399, ஒன்று குறைந்திருந்தால் 3.1433. இவ்வளவு கச்சிதத்தை யார் நம்புவார்கள்?

பெரிய வட்டத்தைக் கொடுங்கள். சைக்கிள் சக்கரத்தைப் பத்துச் சுற்று உருட்டி, நகர்ந்த தூரத்தைப் பத்தால் வகுத்தால் பிழை வெகுவாகக் குறையும். வந்த எண்ணை அப்படியே எழுதச் சொல்லுங்கள். 3.35 வந்தால் ஏன் என்று கேளுங்கள், அழிக்க விடாதீர்கள்.

மனப்பாடப் போட்டியையே விழாவாக்குவது

2015இல் வேலூர் விஐடியில் ராஜ்வீர் மீனா பையின் 70,000 இலக்கங்களை ஒப்பித்தார். அது ஒரு தனித்திறமை, சரி. ஆனால் கோள்களுக்கு விண்கலம் அனுப்பும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்துக்கே 15 தசம இடங்கள் போதுமாக இருக்கிறது. நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்து நாலு பேர் ஒப்பிப்பதைக் கேட்கச் சொல்வது விழாவா?

"எல்லா எண்ணும் பைக்குள் இருக்கிறது"

எந்த எண்ணை எடுத்தாலும் பையின் தசம இலக்கங்களில் எங்காவது அது வரும் என்பார்கள். அதை யாரும் நிறுவவில்லை. 762ஆம் தசம இடத்திலிருந்து ஆறு ஒன்பதுகள் வரிசையாக வரும்; அதைச் சொல்லுங்கள்.

கேக்

அளந்த பிறகு வெட்டுங்கள்.

மார்ச் 14ஐயே பிடித்துத் தொங்குவது

1988இல் சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அருங்காட்சியகத்தில் லாரி ஷா தொடங்கிய வழக்கம் இது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவதால் 3/14. நமக்கோ அது பொதுத்தேர்வு நேரம்; பத்தாம் வகுப்புப் பிள்ளை எட்டிக்கூடப் பார்க்காது. ஜூலை 22ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதும் முறையில் அது 22/7. அப்புறம், பைக்கு 3.14ஐ விட 22/7 தான் கொஞ்சம் நெருக்கம்.