தும்மலுக்குக் காரணம் எது? சேலத்துக் காற்றை நாமே கவனிக்கும் வழி

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மலா? "கிளைமேட் சரியில்லை" என்று மாத்திரை போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு போன், ஒரு நோட்டு போதும்.

படி 1: எண்ணைப் பாருங்கள்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். காற்றுத் தரக் குறியீடு 50 வரை நல்லது, 100 வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஆஸ்துமாக்காரர்களுக்குச் சிரமம் தொடங்கலாம். 200ஐத் தாண்டினால் மோசம்.

அப்புறம், பிஎம் 2.5 அளவையும் பாருங்கள். நுரையீரலின் அடிவரை போகிற நுண்துகள் இது. நம் குறியீட்டில் 30 மைக்ரோகிராம் வரை 'நல்லது'. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளைக்குச் சொன்ன வரம்பு 15தான். அதனால் செயலியில் 'நல்லது' என்று காட்டும் பச்சை நிறத்தைக் கண்டதும் நிம்மதியாகிவிட வேண்டாம்.

படி 2: நேரத்தை எழுதுங்கள்

தும்மல், கண் அரிப்பு, இளைப்பு எப்போது வந்தது, அப்போது எங்கே இருந்தீர்கள் என்று தினமும் குறியுங்கள். சேர்வராயன், கஞ்சமலை, ஜருகுமலை என்று சேலத்தைச் சுற்றி மலைகள். மார்கழி, தை இரவுகளில் குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடும். குப்பை எரித்த புகையும் வண்டிப் புகையும் மேலே போக வழியில்லாமல் விடியும்வரை நிற்கும். போகியன்று கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் வாக்கிங்கை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்வது மேல். துணி மாஸ்க் இந்தத் துகளுக்குப் போதாது, என்95 வேண்டும்.

படி 3: எண் சொல்லாததைத் தேடுங்கள்

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்தக் குறியீட்டில் மகரந்தமும் பூஞ்சையும் சேராது. ஏற்காட்டில் காற்று சுத்தமாக இருக்கும், ஆனால் மூடிக்கிடந்த அறையின் ஈரச் சுவரில் பூஞ்சை இருந்தால் மூக்கு அடைக்கத்தான் செய்யும். கீழே சேலத்தில் காலி மனைகளில் பார்த்தீனியம் என்ற களைச்செடி பூத்துக் கிடக்கிறது. எண் குறைவாக இருந்த நாளிலும் தும்மினீர்களா? சந்தேகத்தை இவற்றின் மேல் வையுங்கள்.

படி 4: வீட்டுக்குள்

கொசுவர்த்திச் சுருளை நிறுத்தி வலை கட்டுங்கள். ஊதுபத்தி ஏற்றினால் ஜன்னல் திறந்திருக்கட்டும். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.

இரண்டு, மூன்று வாரக் குறிப்பு சேர்ந்ததும் டாக்டரிடம் காட்டுங்கள். தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை எழுதிக் கொடுத்தால், எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தும்மல் மாத்திரை உடம்பில் இருந்தால் முடிவு தப்பாக வரும். மூச்சுத் திணறலோ, நெஞ்சில் விசில் சத்தமோ இருந்தால் நோட்டு நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.