லே-ஆஃப் நாளில் பயிற்சி: பனியன் கம்பெனியும் மில்லும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாளைக்கு வேலை இல்லீங்க. ஆனா காலையில ட்ரெயினிங் இருக்கு, வந்துட்டுப் போங்க."

ஆர்டர் இறங்கும்போதெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை, பல்லடம் பக்கத்து மில்களிலும் இந்தப் பேச்சு கேட்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதும் பல கம்பெனிகளில் லைன் நின்றது. வேலை இல்லாத நாளில் ஆளைச் சும்மா உட்கார வைக்காமல் ஏதாவது கற்றுக்கொடுக்கலாம் என்று நிர்வாகம் நினைப்பதில் தவறில்லை. ஓவர்லாக் மெஷின் மட்டும் தெரிந்த டெய்லர், மடிப்பு அடிக்கும் பேட்லாக் மெஷினும் கற்றுக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் லாபம்தான். ஆனால் அந்த நாளுக்குச் சம்பளம் எவ்வளவு, வராதவர் மீது நடவடிக்கை உண்டா, மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) என்ன எழுதுவது என்று வரும்போதுதான் எல்லாம் கோணலாகிறது.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயிற்சி கட்டாயம் என்றால் அது வேலை நாள், முழுச் சம்பளம் தர வேண்டும். பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருக்கச் சொன்ன நாளில், அதாவது லே-ஆஃபில், பயிற்சி என்பது தொழிலாளியின் விருப்பம் மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்கப் பார்ப்பதில்தான் கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

லே-ஆஃப் என்றால் என்ன என்றே பார்க்காமல் தொடங்குவது

2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தில் இருந்த லே-ஆஃப் விதிகளின் அடிப்படை இதிலும் அப்படியே தொடர்கிறது. மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், மெஷின் பழுது, இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்தால், மஸ்டரில் பெயர் உள்ள தொழிலாளிக்கு முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போவதே லே-ஆஃப்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விளக்கம் உண்டு. தொழிலாளி ஷிப்ட் நேரத்துக்கு வந்து நிற்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால் அன்று அவருக்கு லே-ஆஃப். ஷிப்டின் இரண்டாம் பாதிக்கு வரச் சொல்லி அப்போது வேலை கொடுத்தால் அரை நாள் மட்டும் லே-ஆஃப். அப்படி வரச் சொல்லிவிட்டு அப்போதும் வேலை கொடுக்கவில்லை என்றால், அந்த இரண்டாம் பாதிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் முழுதாகத் தர வேண்டும்.

இப்போது பயிற்சியை இதற்குள் வைத்துப் பாருங்கள். காலை எட்டரைக்கு வரச் சொல்லி ஒன்பது மணிக்கு மெஷினில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தால், முதலாளி சொன்ன இடத்தில், முதலாளி சொன்ன காரியத்தை, முதலாளியின் ஆள் மேற்பார்வையில் அவர் செய்கிறார். அந்த நாளை லே-ஆஃப் என்று எழுத இந்த விளக்கத்தில் இடமில்லை. லே-ஆஃப் விதிகளில் பயிற்சி என்ற சொல்லே கிடையாது. இல்லாததை வைத்து "பயிற்சி என்பது வேலை ஆகாது" என்று நிர்வாகம் தனக்குச் சாதகமாக வாதாடுவது ஆபத்து.

பிரிட்டனின் விதியை இங்கே அப்படியே பொருத்துவது

கோவை ஐடி அலுவலகங்களிலும், வெளிநாட்டு பையர்களோடு பேசும் எச்ஆர் ஆட்களிடமும் இந்தக் குழப்பம் அதிகம். பிரிட்டனில் கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் 30 வரை, அரசே சம்பளத்தில் 80 சதவீதம் வரை, மாதத்துக்கு அதிகபட்சம் 2,500 பவுண்டு கொடுத்த ஃபர்லோ திட்டம் இருந்தது. அதில் இருந்த ஊழியர் பயிற்சி எடுக்கலாம். ஆனால் கம்பெனிக்கு வருமானம் வரும் எந்த வேலையும் செய்யக் கூடாது. பயிற்சியில் கழித்த நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் கிடைக்கவும் வேண்டும்.

அங்கே பணம் கொடுத்தது அரசு. இங்கே லே-ஆஃப் ஈடு முதலாளியின் கையிலிருந்து வருகிறது. அதனால் "ஃபர்லோவில் பயிற்சி வைக்கலாம் என்று வெளிநாட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள்" என்று பாதிச் சம்பளப் பயிற்சியை நியாயப்படுத்த முடியாது. அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உற்பத்தி நடந்தால் அது பயிற்சி இல்லை.

பயிற்சி என்ற பெயரில் பீஸ் ஓட்டுவது

இருப்பதிலேயே மோசமான தவறு இது. அடிக்கடி நடப்பதும் இதுதான். பேட்லாக் கற்றுக்கொடுக்கிறோம் என்று இருபது பேரை வரவழைத்து, மூன்றாம் நாளே ஆர்டர் பண்டிலைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். டி-ஷர்ட்டின் அடி மடிப்பு ஓடுகிறது, செக்கிங் ஆகிறது, அயனிங் ஆகிறது, பெட்டிக்குப் போகிறது. சம்பளம் மட்டும் பயிற்சிக் கணக்கில் நிற்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். தைத்த துணி எங்கே போகிறது என்று பாருங்கள். பிட்டுத் துணி (கழிவுத் துண்டு) மூட்டைக்குத் திரும்பினால் பயிற்சி. பார்கோடு ஒட்டிப் பெட்டிக்குள் போனால் உற்பத்தி. நூற்பாலையிலும் அதே கதைதான். ரிங் பிரேமில் (நூல் நூற்கும் மெஷினில்) அறுந்த இழையை ஒட்டப் பழகும் சைடர், அதாவது பிரேமைக் கவனிக்கும் தொழிலாளி, ஓடுகிற பிரேமில் நின்றால், அந்த நூலும் விற்பனைக்குத்தான் போகிறது. அன்று அவருக்கு முழுச் சம்பளம்.

உண்மையான பயிற்சி பார்த்தாலே தெரியும். ஓவர்லாக் மெஷின் தைக்கும்போதே ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும், பேட்லாக் வெட்டாது. கத்தி ஓரத்தைச் சரிசெய்துவிடும் என்ற பழக்கத்தில் இருக்கும் கை, பேட்லாக்கில் மடிப்பு அகலத்தை ஒரே சீராகப் பிடிக்கத் திணறும். அதனால் முதல் நாள் நூல் இல்லாமல் தாளில் கோடு பிடித்து ஓட்ட வேண்டும். அடுத்து ஊசிக்கும் லூப்பருக்கும் நூல் கோத்து, அறுத்து, மறுபடி கோக்க வேண்டும். அதன் பிறகு டென்ஷன் வைத்து, பிட்டுத் துணியில் நேர்மடிப்பு, கடைசியில் வட்டமான கைமடிப்பு. ஒரு மெஷினுக்கு இரண்டு பேருக்கு மேல் வைத்தால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். முதல் வாரத்தில் இவ்வளவு பீஸ் வேண்டும் என்று எண்ணிக்கை வைத்தால் யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள், தெரிந்த வழியிலேயே வேகமாக ஓட்டித் தள்ளிவிடுவார்கள்.

பீஸ் ரேட் ஆளைப் பயிற்சியில் பீஸ் கணக்கில் வைப்பதும் தவறு. புது மெஷினில் கை ஓடாது, நாள் முழுக்க உட்கார்ந்தும் நூறு ரூபாய்கூடத் தேறாது. பயிற்சி நாளுக்கு நாள் கூலிதான், அதுவும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாமல்.

கணக்கு: 45 நாளில் ஒரு நாள் திருடு போவது

லே-ஆஃப் ஈடு என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 50 சதவீதம். வாராந்திர விடுமுறை கணக்கில் வராது. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி சேராது. ஓராண்டு தொடர்ச்சியான பணி இருக்க வேண்டும்; பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் என்பதே பொதுவான அளவு.

ஒருவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 நாள் லே-ஆஃப் என்றால் 3,000 ரூபாய். அந்த 12-இல் 4 நாள் கட்டாயப் பயிற்சிக்கு வந்திருந்தால், 4 நாளுக்கு 2,000, மீதி 8 நாளுக்கு 2,000, ஆக 4,000 ரூபாய். இரண்டாம் பாதிக்கு மட்டும் பயிற்சிக்கு வந்த நாளுக்கு 125-உம் 250-உம் சேர்ந்து 375.

ஆயிரம் ரூபாயோடு நஷ்டம் முடிவதில்லை. பன்னிரண்டு மாதத்தில் 45 நாளுக்கு மேல் லே-ஆஃப் போனால், ஒப்பந்தம் இருக்கும்பட்சத்தில் அதற்கு மேல் ஈடு கிடையாது. 45 நாள் முடிந்த பிறகு ஆட்குறைப்புக்கும் நிர்வாகத்துக்கு வழி திறக்கிறது. பயிற்சி நாளை லே-ஆஃப் என்று மஸ்டரில் எழுதினால், வேலை செய்த நாளே அந்த 45-ஐத் தின்றுவிடும். நான்கு நாள் இப்படிப் போனால், உங்கள் 45 உண்மையில் 41 ஆகிவிட்டது.

அதனால் மஸ்டர் சுத்தமாக இருக்க வேண்டும். பயிற்சி நாளுக்கு வருகைக் குறி, லே-ஆஃப் நாளுக்குத் தனிக் குறி. லே-ஆஃப் நடக்கும்போதும் மஸ்டரை வைத்து, வந்தவர் பதிவு செய்ய இடம் கொடுப்பது முதலாளியின் கடமை.

"வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம்"

இந்தத் தவறில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறது. லே-ஆஃப் ஈடு வேண்டுமென்றால் தொழிலாளி வழக்கமான நேரத்தில் நாளுக்கு ஒரு முறையாவது வந்து முகம் காட்ட வேண்டும் என்பது விதி. தர்மபுரிக்கோ ஒடிசாவுக்கோ ஊருக்குப் போய்விட்டால் அந்த நாட்களின் ஈடு போய்விடும். பல கம்பெனிகளில் கேட்டை மூடிவிட்டு வாட்ஸ்அப்பில் "வர வேண்டாம்" என்று போட்டுவிடுகிறார்கள். பிறகு கணக்குப் பார்க்கும்போது ஆப்சென்ட் என்று நிற்கிறது. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனிலும் வையுங்கள். நிர்வாகம் உண்மையிலேயே அலைச்சலைக் குறைக்க நினைத்தால், "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வந்து பதிவு செய்யத் தேவையில்லை, ஈடு உண்டு" என்று கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டட்டும்.

மாற்று வேலை விதியையும் பயிற்சியோடு போட்டுக் குழப்பக் கூடாது. மாற்று வேலையை மறுத்தால் ஈடு கிடைக்காது என்பது சரிதான். ஆனால் அது அதே முதலாளியின் வேலையாக, அதே ஊரிலோ சுமார் எட்டு கிலோமீட்டர் சுற்றிலோ இருக்க வேண்டும். தனித் திறனோ முன் அனுபவமோ கேட்காததாக இருக்க வேண்டும். வழக்கமான சம்பளமும் தர வேண்டும். திருப்பூர் ஊருக்குள் இருக்கும் யூனிட்டின் ஆளை அவிநாசி யூனிட்டுக்குப் போகச் சொன்னால் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. பாதிச் சம்பளப் பயிற்சிக்கு வர மறுத்ததை மாற்று வேலையை மறுத்ததாக எழுதி ஈட்டை வெட்டுவது எங்கள் பார்வையில் செல்லாது.

விருப்பம் என்று சொல்லிக் கட்டாயப்படுத்துவது

"விருப்பம் இருந்தா வாங்க, ஆனா வந்தவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவோம்." இது விருப்பம் அல்ல. வராதவருக்கு எந்தக் கேடும் வராது என்றால்தான் விருப்பம். மறுபடி லைன் ஓடும்போது யாரை முதலில் அழைப்பது என்பதற்குப் பயிற்சி வருகையை அளவுகோலாக வைக்காமல், பிரிவுவாரிப் பணிமூப்பை எழுதி ஒட்டிவிட்டால் இந்தச் சண்டை வராது. சம்மதத்தை எழுத்தில் வாங்குவதாக இருந்தால் அவர் படிக்கும் மொழியில் வாங்குங்கள். இந்தி மட்டும் தெரிந்தவரிடம் தமிழ்த் தாளில் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது.

பாதுகாப்புப் பயிற்சி, தீயணைப்பு ஒத்திகை, நின்ற மெஷினை மறுபடி ஓட்டுவதற்கு முன் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஆகியவை எந்தக் காலத்திலும் விருப்பப் பயிற்சி ஆகா. அவற்றை மில் திறக்கும் நாளின் முதல் மணி நேரத்தில் ஷிப்டுக்குள்ளேயே வையுங்கள்.

விபத்து

ஊசி விரலில் ஏறுவது புதிதாகக் கற்பவருக்குத்தான் அதிகம். பயிற்சிக்கு மொபெட்டில் வரும் வழியிலும் விபத்து நடக்கலாம். வேலைக்கு வந்து போகும் வழியில் நடக்கும் விபத்தையும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிரூபணமானால், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலைக் காயமாக ஏற்கிறது. அன்று மஸ்டரில் லே-ஆஃப் என்று இருந்தால், "வேலைக்குத்தான் போனேன்" என்று நிரூபிக்க அந்தக் குடும்பம் அலைய வேண்டி வரும். வருகைப் பதிவு இல்லாமல் யாரையும் மெஷினில் உட்கார வைக்காதீர்கள். லே-ஆஃப் ஈட்டுத் தொகைக்கும் இஎஸ்ஐ பிடித்தம் உண்டு: தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். மேலே பார்த்த 4,000 ரூபாய்க்குத் தொழிலாளி பங்கு 30 ரூபாய்.

பழைய ஆளை அப்ரண்டிஸ் ஆக்குவது

கொங்கு நாட்டு மில்களில் பயிற்சி என்ற சொல்லுக்குக் கசப்பான பழங்கதை உண்டு. சுமங்கலித் திட்டத்தில், கேம்ப் கூலியில் (மில் விடுதியில் தங்க வைத்து வேலை வாங்கும் முறையில்), வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை அப்ரண்டிஸ் என்ற பெயரில் மூன்று வருடம் குறைந்த கூலிக்கு உழைக்க வைத்தது இந்தச் சொல்தான். அதனால் எட்டு வருடம் வேலை பார்த்தவரிடம் லே-ஆஃப் சமயத்தில் "பயிற்சி ஒப்பந்தம்" என்று ஒரு தாளை நீட்டினால், உடனே கையெழுத்துப் போடாதீர்கள். புதிய சேர்க்கைத் தேதி, ஸ்டைபெண்ட், "முந்தைய பணி முடிந்தது" என்ற வரி ஆகிய மூன்றையும் தேடுங்கள். ஒன்று இருந்தாலும் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்திலோ காட்டிய பிறகு பேசுங்கள். பணி முறிந்தால் கிராஜுவிட்டிக்கும் ஆட்குறைப்பு ஈட்டுக்குமான பணிக்காலக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் ஆபத்து உண்டு.

ஆட்குறைப்பே வந்துவிட்டால் புதிய தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று உண்டு. கடைசியாக வாங்கிய 15 நாள் சம்பளத்துக்கு இணையான தொகையை முதலாளி அதில் செலுத்த வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். ஆட்குறைப்பு ஈடு இதற்கு மேல் தனி. லே-ஆஃபில் கொடுத்த பயிற்சியைக் காட்டி இந்தத் தொகையைக் கழிக்க முடியாது.

ஐம்பது பேருக்குக் கீழே

முந்தைய மாதத்தில் வேலை நாளுக்குச் சராசரியாக 50 பேருக்குக் குறைவாக இருந்த இடத்துக்கும், பருவகால வேலைக்கும் இந்த லே-ஆஃப் ஈட்டு விதி பொருந்தாது. திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பலவும் அப்படித்தான். சூப்பர்வைசர் வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவதில்லை. அவருக்கு நியமனக் கடிதம்தான் வழி. ஈடு இல்லாத இடத்திலும் கூப்பிட்டு உட்கார வைத்த நாளுக்குக் கூலி உண்டு. சின்ன யூனிட் நடத்துபவர் முழுக் கூலி கொடுக்க முடியாத நிலையில் இருந்தால், பயிற்சி நாளைக் குறைத்துக்கொள்ளட்டும்: ஆறு நாள் அரைகுறையாக நடத்துவதற்குப் பதில் இரண்டு நாள் முழுக் கூலியில், காலை முதல் மாலை வரை.

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் சீட்டில் இரண்டு வரி தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்: வேலை நாள் எத்தனை, லே-ஆஃப் நாள் எத்தனை. பயிற்சிக்குப் போன தேதிகளை உங்கள் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தால், அந்த எண்ணிக்கையை முதல் வரியோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். பொருந்தவில்லை என்றால் திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்பே டைம் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.