ஐப்பசித் தண்ணியில் தூண்டில் போடுவது எப்படி: மதுரைக் கண்மாய்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"கம்பு வாங்கிட்டேன், முள்ளு வாங்கிட்டேன், மீன் மட்டும் மாட்ட மாட்டேங்குது" என்று கேட்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம். கோடையில் கண்மாய் வற்றி, மீனெல்லாம் மடைப் பள்ளத்தில் குவிந்து கிடக்கும். எங்கே போட்டாலும் கடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கதை நடக்காது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் இன்று ஏறும், நாளை வடியும், நிறம் மாறும். மீனும் கூடவே இடம் மாறும். அதனால் இங்கே கம்பைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். முள்ளைக் கட்டுவதும் புழுவைக் கோர்ப்பதும் கடைக்காரரே செய்து காட்டிவிடுவார்.

1. முதலில் கேளுங்கள்

கண்மாய் பொதுச்சொத்துதான், ஆனால் அதில் உள்ள மீன் பெரும்பாலும் ஏலத்தில் போயிருக்கும். மீன்பாசி ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, அது வளரட்டும் என்று காவல் போட்டிருப்பார். கரையில் குடிசையோ கட்டிலோ தெரிந்தால் நேராக அங்கே போங்கள். "அண்ணே, ஓரமா தூண்டில் போட்டுக்கிறட்டுமா? கெளுத்தி, ஜிலேபிதான் பிடிப்பேன்" என்று கேட்டால் பல இடங்களில் விடுவார்கள். கட்லா மாட்டினால் திருப்பி விட்டுவிடுவேன் என்று நீங்களே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. விட மாட்டேன் என்றால் அடுத்த கண்மாய். மதுரையைச் சுற்றிக் கண்மாய்க்குப் பஞ்சமில்லை.

வைகையில் பிடிக்க ஆசை என்றால் நகரத்துக்குள் வேண்டாம். சாக்கடை கலக்கிற இடத்து மீனைப் பிடிக்கலாம், தின்ன முடியாது. மேற்கே சோழவந்தான், குருவித்துறைப் பக்கம் போங்கள். ஆனால் போகிற அன்று செய்தி பார்த்துவிட்டுப் போக வேண்டும். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடி வந்ததும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. இதில் எந்த எச்சரிக்கை வந்திருந்தாலும் அன்று ஆற்றுக்குள் இறங்குகிற பேச்சே வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தேனிப் பக்கம் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் வருவது சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும்.

2. சாமான்

ரீல் வாங்காதீர்கள், இப்போதைக்கு. பத்துப் பன்னிரண்டு அடி மடக்குக் கம்பு ஒன்று போதும். நல்ல மூங்கில் கிடைத்தால் அதுவே போதும். நரம்பை (தூண்டில் நூலை) கம்பின் நுனியில் நேராகக் கட்டுவது. கண்மாயில் மழைக்காலத்து மீன் கரையோரப் புல்லுக்குத்தான் வருகிறது, நாற்பது அடி தூரம் வீச வேண்டிய வேலையே கிடையாது. ரீல் வைத்திருப்பவர்கள் நடுக் கண்மாய்க்கு வீசிவிட்டு, காலடியில் மேய்கிற மீனை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். விராலுக்கு ரப்பர் தவளை வீசுவது தனி வித்தை. அதற்குத்தான் ரீல் வேண்டும், அதை இன்னொரு நாள் பேசலாம்.

நரம்பு 0.25 மி.மீ. முள் 10-ஆம் எண் (எண் கூடக் கூட முள் சிறுக்கும், குழம்பிக்கொள்ளாதீர்கள்). மெல்லிய ஈயத் தகடு கொஞ்சம். தக்கைக்கு, அதாவது மிதவைக்கு, சோளத்தட்டையின் உள் நெட்டி. கடையில் விற்கிற வண்ணத் தக்கையை நான் வாங்குவதில்லை. அதில் பாதி, சின்னக் கெண்டை கடித்தால் அசையவே அசையாது.

இரை: மண்புழு. வாழைத் தோட்டத்து வாய்க்கால் ஓரம் ஒரு கொத்து கொத்தினால் வேண்டிய அளவு கிடைக்கும். மாவு என்றால் கோதுமை மாவும் கடலைப் புண்ணாக்குத் தூளும் சேர்த்து, சப்பாத்தி மாவைவிட ஒரு பங்கு இறுக்கமாகப் பிசைய வேண்டும். எசன்ஸ், கலர்ப் பொடி எல்லாம் வாங்குகிறவரைப் பிடிப்பதற்கு.

3. தண்ணீரைப் பாருங்கள்

கரைக்கு வந்ததும் தூண்டிலை விரிக்காதீர்கள். கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விடுங்கள். விரல் தெரிந்தால் மாவு போடலாம். தெரியவில்லை என்றால் புழு மட்டும்தான். கலங்கலில் மீன் கண்ணால் தேடாது, வாசத்தையும் நெளிவையும் வைத்துத்தான் வரும். முதல் மழையில் ஓடி வருகிற செந்தண்ணியில் இரண்டும் பலிக்காது. இரண்டு மூன்று நாள் பொறுத்து, மண் படிந்தபின் வாருங்கள்.

அடுத்து, தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று தெரிய வேண்டும். தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்தி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் குச்சி உள்ளே போயிருந்தால் ஏறுகிறது. ஏறுகிற தண்ணீரில் மீன் புதிதாக மூழ்கிய புல்லுக்கு வரும். அங்கேதான் புழுவும் பூச்சியும் வெளியே வருகின்றன. ஒன்றரை அடித் தண்ணீரில்கூட நல்ல கெளுத்தி கிடக்கும். குச்சி வெளியே நின்றால் வடிகிறது. அப்போது மடைப் பக்கம், கரையடிப் பள்ளத்துக்குப் போய்விடுங்கள். கடியும் குறைவாகத்தான் இருக்கும்.

வரத்துக்கால் கண்மாய்க்குள் விழுகிற வாய் நல்ல இடம். ஓட்டத்தில் நேராகப் போடாமல், ஓட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் சுழன்று நிற்கிற இடத்தில் போட வேண்டும். கண்மாய் நிறைந்து கலுங்கு (மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல் கட்டு) பாய்கிற நாளில் எல்லோரும் கலுங்குக்கு ஓடுவார்கள். பாசி பிடித்த கல், கீழே இழுக்கிற தண்ணீர். அங்கே வேடிக்கை பாருங்கள், தூண்டில் போட வேண்டாம்.

வரத்துக்காலில் ஊத்தாவோடும் (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற கூடை) வலையோடும் நிற்பவர்களைப் பார்த்து அயிரைக்கு ஆசைப்படாதீர்கள். அயிரை தரை மணலில் கிடக்கிற விரல் நீள மீன், தூண்டிலுக்கு வராது. அயிரைக் குழம்பு வேண்டுமானால் சந்தையில் உயிரோடு வாங்குவதுதான் வழி.

4. ஆழம் அளப்பது

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் இது பிடிபட ரொம்ப நாள் ஆனது. தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே எவ்வளவு நரம்பு விடுவது? பழகியவர்களைக் கேட்டால் "ஒரு குத்துமதிப்பா விடுங்க தம்பி" என்பார்கள். கோடையில் அந்தக் குத்துமதிப்பு சரியாக வரும். மழைக்காலத்தில் நேற்று மூன்றடி இருந்த இடம் இன்று நாலரை. குத்துமதிப்பில் போட்டால் இரை அந்தரத்தில் தொங்கும், மீன் தரையில் மேயும்.

முள்ளில் ஒரு இரும்பு நட்டை மாட்டுங்கள். சைக்கிள் கடையில் கிடக்கிற பழைய நட்டு போதும். தக்கையைச் சுமாராக மூன்று அடியில் வைத்து, நீங்கள் போட நினைக்கிற அதே இடத்தில் நேராக இறக்குங்கள். வீசக் கூடாது. தக்கை முழுசாக மூழ்கினால் ஆழம் அதிகம், தக்கையை மேலே ஏற்றுங்கள். படுத்துவிட்டால் நட்டு தரையில் கிடக்கிறது, நரம்பு தொய்ந்திருக்கிறது, தக்கையைக் கீழே இறக்குங்கள். தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்க்கிற அளவு வந்தால் அதுதான் ஆழம். அந்த அளவைக் கம்பில் வைத்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நட்டைக் கழற்றுங்கள்.

பின் அரை அடி இடது பக்கம், அரை அடி வலது பக்கம் அளந்து பாருங்கள். கண்மாயின் உள்வாய் சமதளம் இல்லை. மண் அள்ளிய பள்ளம், பழைய வண்டிப் பாதை, கருவேல மரத்து வேர் எல்லாம் தண்ணீருக்குக் கீழே இருக்கும். சட்டென்று ஒரு சாண் ஆழம் கூடுகிற இடம் கிடைத்தால் அந்த விளிம்பை விடாதீர்கள். மேயப் போகிற மீனும் திரும்புகிற மீனும் அந்த வழிதான்.

இப்போது எந்த மீன் என்று முடிவு செய்யுங்கள். கெளுத்தி, குறவைக்குக் கோட்டிலிருந்து நாலு விரல் நரம்பைக் கூட்டுங்கள், புழு தரையில் கிடக்கட்டும். கெண்டைக்கு ஒரு சாண் குறையுங்கள். ஜிலேபிக்குப் பாதி ஆழம் வைத்துத் தொடங்கி, கடி இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வாருங்கள். குச்சி உள்ளே போய்க்கொண்டிருக்கிற நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நட்டை மாட்டி மறுபடி அளக்க வேண்டும். சோம்பல்படுகிறவர்கள்தான் "பத்து மணிக்கு மேல கடி நின்னுபோச்சு" என்று சொல்வது. கடி நிற்கவில்லை, தண்ணீர் ஏறிவிட்டது.

ஈயத்தைப் பற்றி ஒன்று. தக்கை முக்கால்வாசி மூழ்கி நிற்கிற அளவுக்குத் தகட்டை நறுக்கி, முள்ளுக்கு ஒரு சாண் மேலே சுருட்டுங்கள். பொம்மை மாதிரி மிதக்கிற தக்கையை இழுக்கும்போது மீனுக்குப் பாரம் தெரியும், இரையைத் துப்பிவிடும்.

5. தக்கை சொல்வது

டிக் டிக் என்று துடித்தால் கெண்டைக் குஞ்சு, விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் நகர்ந்து போனால் ஜிலேபி, நகர ஆரம்பித்ததுமே சுண்ட வேண்டும். கெளுத்தி முதலில் இரண்டு முறை அசைத்துவிட்டுப் பிறகு ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுபோகும். அந்த இழுப்பு வரும்வரை கை பொறுக்க வேண்டும். நின்ற தக்கை திடீரென்று மேலே எழும்பிப் படுத்தால் இரை எடுத்த மீன் ஈயத்தையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறது. அதுவும் கடிதான், சுண்டுங்கள். மெதுவாக, தேய்த்துக்கொண்டு போகிற மாதிரி நகர்ந்தால் நண்டு. புழுவை மாற்றுங்கள்.

சுண்டுவது மணிக்கட்டு வேலை. முழுக் கையையும் வீசினால் மீன் உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கிற சீமைக்கருவேலில் போய்த் தொங்கும்.

6. பிடித்தபின்

கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கச் செவுளுக்குப் பின்னாலும் முள் இருக்கும். ஈரத் துணியைப் போர்த்தி, முள்களுக்குப் பின்னால் பிடியுங்கள். தேளி மீன் என்றால் கையே வைக்காதீர்கள், நரம்பை வெட்டிவிடுங்கள். அதன் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை ஊற வைத்தால் கடுப்பு குறையும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு சினையாகப் புடைத்திருக்கிற மீனை நான் விட்டுவிடுவேன். தண்ணீர் மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால் அதற்குக் கீழே பெரிய விரால் காவல் நிற்கிறது. அங்கே தூண்டிலைப் போடாதீர்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் முடித்துவிடும்.

பின்சேர்க்கை

கார்த்திகையில் காற்றைச் சமாளிப்பது எப்படி என்று பலர் கேட்டுவிட்டார்கள். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும், மேல்மட்டத் தூசியும் இரையும் தென்மேற்குக் கரையில் ஒதுங்கும். மீனும் அங்கேதான். ஆனால் எதிர்க்காற்றில் நெட்டித் தக்கை நிற்காது. கொஞ்சம் பெரிய தக்கை, கொஞ்சம் கூடுதல் ஈயம் போட்டு, கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் ஒரு சாண் தாழ்த்தி வையுங்கள். நரம்பு காற்றில் பிடிக்காது.

விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, ஆனால் கடிக்கவில்லை என்றும் கேட்டார்கள். இரண்டு மூன்று நாள் வெயிலே இல்லாமல் மூடிக் கிடந்தால் தண்ணீரில் பிராணவாயு குறையும். மூச்சுக்குத் திணறுகிற மீன் இரையைத் தேடாது. வெயில் ஏறிய பின், எட்டு எட்டரைக்குப் போடுங்கள். இடி கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். மடக்குக் கம்பு பலவற்றில் கார்பன் இருக்கிறது, மின்னல் அதில் பாயும்.

முள் கருவேல் வேரில் மாட்டிக்கொண்டால் கம்பை வளைத்து இழுக்காதீர்கள். கம்பை நரம்புக்கு நேராக நீட்டிப் பின்னால் நடந்தால் முள் நிமிர்ந்து வரும், இல்லாவிட்டால் நரம்பு முள்ளருகே அறும். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டிப் பையில் வையுங்கள். சாமநத்தம் மாதிரிக் கண்மாய்களுக்கு இந்த மாதங்களில் வலசைப் பறவைகள் வருகின்றன, காலில் சுற்றிக்கொண்டால் அதை அவிழ்த்துவிட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.